ஜன்னலைப் பார்க்கும் பூனை

வாம்மா, உள்ள வா. செருப்பை அப்படியே விடு. பதினோரு மணிக்கு வர்றேன்னு போன்ல சொன்ன, பதினொண்ணு நாலுக்கு வந்திருக்க. பரவாயில்ல, நாலு நிமிஷத்தை எல்லாம் நாங்க லேட்டுன்னே எழுத மாட்டோம். உட்காரு. அந்த நாற்காலி வேணாம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருக்கேன் பாரு, அதுல நான்தான் உட்காருவேன். நீ எதிர்ல இப்படி உட்காரு.

இவன்தான் செக்கர். பீரோவுக்குக் கீழேர்ந்து மூஞ்சியை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கான் பாரு. கிட்டப் போவாத, அவனா வருவான். அஞ்சு வயசு ஆவுது. ஆம்பளைப் பூனைதான், ஆனா ஆபரேஷன் ஆயிடுச்சு, எட்டு மாசக் குட்டியிலயே. தடுப்பூசி போட்டாச்சு, சீட்டு இருக்கு, எடுத்துத் தர்றேன். மீன், சோறு, தயிர், எதைப் போட்டாலும் தின்னுவான். வெளிய விட வேண்டியதில்ல, மண்ணு டப்பாவுலதான் போவான், போனா மூடிட்டு வருவான். ஒரு குறை சொல்ல முடியாது.

என்னம்மா மூக்கைச் சுளிக்கிற? டெட்டால் வாசனைதான். காலையில வீட்டைத் துடைச்சேன். கொஞ்சம் பினாயிலும் ஊத்தினேன். அந்த மூலையில அந்துருண்டை போட்டிருக்கேன், அதுவும் சேர்ந்து அடிக்குது.

இல்ல. பொய் சொல்லி உன் தலையில கட்டக் கூடாது. வாட்ஸ்அப்புல நான் போட்டதை நம்பி, நீ பாட்டுக்குச் செம்மண்டலத்துலேர்ந்து கூடை எல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்கூட்டியில வந்திருக்க. சொல்லிடறேன். செக்கர் மூத்திரம் அடிக்கிறான்.

போறது வேற, அடிக்கிறது வேறம்மா. போறதுக்குத்தான் டப்பா இருக்கே. இது நின்னுக்கிட்டு. பின்பக்கத்தைச் சுவத்துக்குக் காட்டுவான், வாலைக் கம்பி மாதிரி தூக்குவான், வால் நுனி மட்டும் நடுங்கும், அப்புறம் ஒரே பீச்சு, முழங்கால் உயரத்துக்கு. அந்த நேரம் மூஞ்சியைப் பார்க்கணுமே, ஃபைல்ல கையெழுத்துப் போடுற ஆபீசர் தோத்தான். ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சுவரு, ஜன்னல் திரை, ஓரத்துல இருக்கிற டிரங்குப் பெட்டி, இந்த மூணு இடம்தான். மூணு மாசமா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆபரேஷன் ஆயிடுச்சேன்னு கேக்குறியா? நானும் டாக்டர்கிட்ட அதையேதான் கேட்டேன். ஆபரேஷன் பண்ணினா முக்காவாசி நிறுத்திடும், ஒண்ணு ரெண்டு அப்பவும் அடிக்கும்னார். மூத்திரத்தைப் புடிச்சு டெஸ்ட் பண்ணிட்டார், கல்லு இல்ல, சீழ் இல்ல, உடம்புல ஒண்ணும் இல்லன்னார். மனசுல ஏதாவது பயம் வந்தா, தன் இடத்துக்கு ஆபத்துன்னு தோணினா இப்படி அடிச்சு வைக்குமாம். அடிக்காதீங்க, பினாயில் ஊத்தாதீங்க, அந்த வாசனைக்கு மேல மறுபடி அடிக்கும், சோப்புத் தண்ணியில கழுவிட்டு நான் எழுதித் தர்ற மருந்தைத் தெளிங்க, இன்னொரு மண்ணு டப்பா வைங்கன்னார். எல்லாம் செஞ்சேன். பினாயில் மட்டும் நிறுத்தல, நாத்தம் தாங்கலயே. ரெண்டு தடவை பேப்பரைச் சுருட்டி முதுகுல வச்சேன். அன்னைக்குப் பார்த்து ரெண்டு இடத்துல அடிச்சான்.

வெளியிலேர்ந்து வேற பூனை ஏதாவது வருதான்னு அவர் மூணு தடவை கேட்டார். எங்க தெருவுல பூனையே கிடையாது சார், எல்லாம் நாய்தான்னேன். எதுக்கும் ஜன்னல் கண்ணாடியில கீழ்ப்பாதிக்குப் பேப்பர் ஒட்டி மறைங்கன்னார். ஒட்டினேன். மறுநாளே கிழிச்சிட்டேன். அந்த ஜன்னலை மறைக்க முடியாதும்மா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

மணி என்ன ஆவுது? பதினொண்ணு பதினெட்டு. நேரம் இருக்கு.

செக்கர்னு பேரு வச்சது என் வீட்டுக்காரி, தில்லைநாயகி. நான் பஸ் ஸ்டாண்டுல முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பரா இருந்தேன், இந்த வைகாசியிலதான் ரிட்டையர் ஆனேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதறது வேலை. டிரைவருங்க எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்தாலே வாட்சைப் பார்ப்பாங்க. 'வெளிய அத்தனை பேரும் உங்களுக்குப் பயப்படறாங்க, வீட்டுல நீங்க பயப்படறதுக்கு ஒரு ஆளு வேணும்'னு சொல்லி, இந்தக் குட்டி யாரு வந்தாலும் பையை மோந்து பார்க்குதுன்னு செக்கர்னு வச்சா. ஆபரேஷனுக்கு அவதான் தூக்கிட்டுப் போனா. ஆம்பளையை இப்படிப் பண்ணலாமாடின்னு நான் ஒரு வாரம் பேசல. அவ அதைக் கண்டுக்கவே இல்ல.

மாசி மாசம் போயிட்டா. நெஞ்சு வலி.

இந்தா, இந்த நோட்டைப் பாரு. செக்கர் எங்க அடிச்சான், எத்தனை மணிக்கு அடிச்சான், எல்லாம் எழுதி வச்சிருக்கேன். தேதி, நேரம், இடம். நான் பொய் சொல்றேன்னு யாரும் சொல்லிடக் கூடாது. பார்த்துக்கிட்டே இரு, நான் பேசறேன்.

கருமாதி அன்னைக்கு மாடியில இலை போட்டுச் சோறு வச்சோம். எதிர் வீட்டுத் தண்ணி டேங்க் மேல ஏழு காக்கா உட்கார்ந்திருக்கு. ஏழும் பார்க்குது. ஒண்ணு கூட இறங்கல. ஒரு மணி நேரம் ஆச்சு. சொந்தக்காரங்க எல்லாம் பசியோட நிக்கிறாங்க. எங்க அக்கா, 'மனசுல ஏதோ குறையோட போயிருக்கா, வேண்டிக்கடா'ன்னா. என்னன்னு வேண்டிக்கிறது? நான் என்ன குறை வச்சேன்? குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது, அவ மேல கை நீட்டினது கிடையாது. பதினொண்ணு நாப்பதுக்குச் சாப்பாடு, பன்னெண்டரைக்கு டூட்டி. அவளுக்கும் தெரியும், ஒரு நாள் மாறாது. மீன் வாங்கினா நடுத்துண்டு எனக்கு, அடுத்த துண்டு மகளுக்கு, செக்கருக்குத் தலை. அவ வாலை எடுத்துக்குவா. அவளுக்கு வால்தான் பிடிக்கும். யாருக்கும் ஒரு குறையும் இல்ல.

என் மக ரஞ்சனி, அத்தனை பேர் நிக்கிறாங்க, 'காக்கா வராது, அம்மா உங்க மேல கோவமாத்தான் போனாங்க'ன்னா. சொல்லிட்டு அன்னைக்கே புருஷனோட ஓசூருக்கு வண்டி ஏறிட்டா. அஞ்சு மாசம் எங்கிட்டப் பேசல. நான் போன் பண்ணா மாப்பிள்ளைதான் எடுப்பார்.

அவ ஏன் அப்படிச் சொன்னாங்கறதையும் சொல்லிடறேன், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. தில்லை போன அன்னைக்குப் பதினொண்ணு நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு, தட்டு வரல. அடுப்படியில போய்ப் பார்த்தா, இவ கீழ உட்கார்ந்து சுவத்துல சாஞ்சுக்கிட்டு இருக்கா, மடியில செக்கர். மணி என்ன ஆவுதுன்னு கேட்டேன். ஒரு மாதிரியா இருக்கு, நீங்களே போட்டுக்குங்கன்னா. போட்டுக்கிட்டேன். சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவுத்திட்டுத்தான் போனேன், அதையும் சொல்லணும்ல. ஒரு மாதிரின்னா எந்த மாதிரின்னு அவ சொல்லியிருக்கணும். மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா? பன்னெண்டரைக்கு நான் அங்க உட்காரலன்னா அத்தனை வண்டிக்கும் யாரு நேரம் போடுறது? நான் போனப்புறம் மகளுக்கு போன் போட்டு, 'உங்கப்பா இப்பத்தான் சாப்பிட்டுப் போனாரு, எனக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு'ன்னு சொல்லியிருக்கா. மகளுக்குச் சொல்லத் தெரியுது. எங்கிட்டச் சொல்லல.

சரி, அதை விடு. கருமாதிக்கு அப்புறம் தினமும் நான் இந்த ஜன்னல் வழியாக் கையை விட்டு வெளிய சன்ஷேடுல இலை போட்டுச் சோறு வைப்பேன். சரியா பதினொண்ணு நாப்பதுக்கு. பருப்புச் சாதம், நெய்யி. சாயங்காலம் போய்ப் பார்த்தா எறும்பு மொய்ச்சுக்கிட்டு அப்படியே இருக்கும். அஞ்சு மாசம் அப்படியே இருந்துச்சும்மா. அப்புறம் அக்காதான், அவளுக்குப் பிடிச்சதை வைடான்னா. வச்சிட்டு நின்னு பார்க்காத, ஆளு பார்த்தா வராதுன்னும் சொன்னா. ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் வாங்கி வறுத்து, நடுத்துண்டா ஒண்ணு சோத்து மேல வச்சு, காக்கா கூப்பிட்டுட்டு, இந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பன்னெண்டு மணிக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன், இலை துடைச்ச மாதிரி இருக்கு. ஒரு பருக்கை இல்ல, ஒரு முள்ளு இல்ல.

உடனே ஓசூருக்கு போன் போட்டேன். அவளே எடுத்தா, என் நல்ல நேரம். உங்கம்மா வந்துட்டாம்மான்னேன். அழுதா. ரொம்ப நேரம் அழுதா. அழுது முடிச்சுட்டு, 'நீங்க சாப்பிட்டீங்களாப்பா'ன்னு கேட்டா. அஞ்சு மாசம் கழிச்சு அந்த ஒரு வார்த்தை. நானும் அழுதுட்டேன், எனக்கு என்ன வெக்கம். அன்னைக்குலேர்ந்து தினமும் பன்னெண்டு மணிக்கு போன் பண்ணுவா. 'அம்மா வந்தாங்களாப்பா?' வந்தாம்மா. 'சாப்பிட்டாங்களா?' மிச்சம் வைக்கலம்மா. இப்ப அவளுக்கு ஒம்பதாம் மாசம். பிரசவத்துக்கு மாமியார் வீட்டுலயே இருந்துக்கறேன்னவ, எங்கம்மா வீட்டுக்குத்தான் போவேன்னு சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை வர்றா. அக்கா வந்து கூட இருந்து பார்த்துக்குவா. பச்சைக் குழந்தை வர்ற வீட்டுல பூனை மூத்திர நாத்தம் அடிக்கலாமா, நீயே சொல்லு. அதுக்குத்தான் இவனைக் குடுக்கிறேன். வேற காரணம் இல்ல.

இரு, மணி ஆயிடுச்சு. வச்சுட்டு வந்துடறேன். மீன் காலையிலயே வறுத்தாச்சு. நீ நோட்டைப் பாரு.

கா, கா, கா.

ம். வச்சாச்சு. இனிமே அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.

என்னம்மா, ஒவ்வொரு வரியா விரலை வச்சுக்கிட்டுப் பார்க்கிற? எல்லாமே பதினொண்ணே முக்காலை ஒட்டியே இருக்குன்னா? ஆமா. நேரம் தவற மாட்டான். யாரு வீட்டுல வளர்ந்தவன்? நடுவுல அஞ்சு நாள் ஒண்ணும் எழுதலன்னா, அப்ப எனக்குக் காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியல, சமைக்கல, சன்ஷேடுல ஒண்ணும் வைக்கல. மகளுக்கு மட்டும் வந்தாம்மான்னு சொல்லிட்டேன். அந்த அஞ்சு நாளும் செக்கர் ஒரு தடவை கூட அடிக்கல. என் காலடியிலயே படுத்திருந்தான். நோயாளின்னு பாவம் பார்த்திருக்கான். அமாவாசையா? அமாவாசைக்கு மீன் கிடையாது, வெறும் பருப்புச் சோறுதான் வைப்பேன், அது தொடாம கிடக்கும். தில்லை அமாவாசைன்னா ஒரு பொழுதுதான் சாப்பிடுவா, அதனால வந்திருக்க மாட்டா. அன்னைக்கு இவனும் சும்மா இருப்பான். அதுல என்ன இருக்கு?

சிரிக்கிறியா நீ? சிரிக்கலன்னா ஏன் அப்படிப் பார்க்கிற? நான் முப்பத்தொரு வருஷம் நேரம் பார்த்தவன்ம்மா. ரெண்டு வண்டி ஒண்ணுக்கொண்ணு பின்னாலயே வந்தா, முன்ன போறது எதுக்கு லேட்டு, பின்ன வர்றது எதுக்கு லேட்டுன்னு உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சொல்லுவேன். நீ எனக்கு நோட்டைப் படிச்சுக் காட்ட வேணாம்.

பாரு, வெளிய வந்துட்டான். நேரா ஜன்னலுக்குத்தான் போறான். பார்த்துக்க, நீ தூக்கிட்டுப் போவப்போற பூனை, உன் கண்ணாலயே பார்த்துக்க. முன்னங்காலைத் திண்டுல வைக்கிறான். உறுமுறான் பாரு, தொண்டைக்குள்ளயே. முடி எல்லாம் நிக்குது. இப்பத் திரும்புவான். வாலு. வாலைப் பாரு. ஆச்சு, அடிச்சிட்டான். அவனைப் பார்க்கச் சொன்னா நீ வெளிய என்னத்தைப் பார்க்கிற? எதுக்கு எழுந்திரிக்கிற? உட்காரும்மா. ஜன்னலைப் பார்க்காத, உட்காரு.

என்ன சொன்ன?

"அங்கிள், அங்க காக்கா இல்ல"ன்னா?

மெதுவாப் பேசு. சத்தம் கேட்டா ஓடிடும், பாதி சாப்பாட்டுல.

தெரியும்மா. ஆவணியிலயே தெரியும். காக்கா சோத்தை இறைக்கும், இலையைக் கொத்திக் கிழிக்கும். நக்கித் துடைச்சு வைக்காது. முள்ளை நறுக் நறுக்குன்னு கடிக்காது, இங்க உட்கார்ந்தா காதுல விழுது பாரு. ஆனா நான் திரும்பினது இல்ல. ஒரு நாள் கூடத் திரும்பல. என்ன நிறம்னு கூட எனக்குத் தெரியாது, நீயும் சொல்லாத. டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னேன்னு கேப்ப. சாப்பாடு வைக்கிறதை நிறுத்துங்கன்னு அவர் சொல்லிட்டா? நிறுத்தினா செக்கர் ஒரு வாரத்துல சரியாயிடுவான். அந்த அஞ்சு நாள்ல பார்த்தேனே. பூனைக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்ல பூனை அது. உன் வீட்டுல ஒரு சொட்டு அடிக்க மாட்டான், நான் எழுதியே தர்றேன்.

அப்ப இவனை ஏன் குடுக்கிறேன்னா, ரஞ்சனி இனிமே போன்ல கேக்க மாட்டா, இங்கயே இருப்பா. மூணு மாசம் இருப்பா. இலையை அவளே பார்ப்பா, இலை சுத்தமா இருக்கும், அது போதும். சோறு வச்சா திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு அக்கா சொல்லி வச்சிடுவா, அவளும் பார்க்க மாட்டா. ஆனா இவன் இருந்தான்னா தினமும் அந்த நேரத்துக்கு ஜன்னல்ல போய் நிப்பான், உறுமுவான். என்னடான்னு அவ எழுந்து வந்து எட்டிப் பார்ப்பா. நீ பார்த்த மாதிரி. நீ யாரோ, உனக்கே பார்க்கத் தோணுச்சே.

அவகிட்டக் கேட்டீங்களான்னா? ஓடிப்போயிட்டான்னு சொல்லிக்கிறேன். அம்மா போன ஏக்கத்துல போயிட்டான்னா நம்பிடுவா. கூடையைத் திற. இடுப்புக்குக் கீழ கை குடு, அப்பதான் பிராண்ட மாட்டான். அவ்வளவுதான். தாழ்ப்பாளைப் போட்டுக்க. கத்துவான், கண்டுக்காத, படி இறங்கினா அடங்கிடுவான்.

இரு, போன் அடிக்குது. அவதான். மணி பன்னெண்டு. அசையாம நில்லு.

சொல்லும்மா. வந்தா. சாப்பிட்டா. ஒண்ணும் மிச்சம் இல்ல. நானும் இப்பச் சாப்பிடணும். என்ன சத்தமா? செக்கர்தான். இங்கதான் இருக்கான், எங்க போவான். இப்பவா? அவன் காதுகிட்டயா? சரி, இரு, வைக்கிறேன். ம், வச்சுட்டேன், பேசு.

கேட்டியாம்மா, என் மக என்ன சொன்னான்னு? அவ அம்மா கடைசியாப் பேசினது வீடியோ கால்லயாம், அதுல பார்த்தாளாம். 'அம்மா கடைசியா உன் முதுகு மேலதான்டா கை வச்சிருந்தாங்க, நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாத'ங்கிறா. அவனும் கத்துறதை நிறுத்திட்டான் பாரு. வச்சுட்டா, போனை வச்சுட்டா. நீ கிளம்பு, நான் கதவைத் திறக்கிறேன்.

ஏம்மா கூடையைக் கீழ வைக்கிற? தாழ்ப்பாளை எதுக்கு எடுக்கிற? வேணாம்மா. நீ சின்னப் பொண்ணு, உனக்கு இது புரியாது. அவ இப்பத்தான் என்னை அப்பான்னு கூப்பிடுறா. ஞாயித்துக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்கு. தூக்கிட்டுப் போம்மா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். எனக்கு இந்தப் பொய் சுலபமா வருதுன்னா நினைக்கிற? பஸ் ஸ்டாண்டு நாற்காலியில முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வராத ஒரு வண்டியை வந்ததா நான் எழுதினதே இல்லம்மா.